முன்னோர்கள் எலும்பு கடித்த காலைப்பொழுது

கதவுக்கு உள்ளே யாரோ எலும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

கதவுக்கு வெளியே நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தலை குனிந்து நின்றோம். எங்களுக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு ஜப்பானிய சார்ஜெண்ட் எங்களைவிடத் தாழக் குனிந்து நின்றார்.

உள்ளே மறுபடியும் ஒரு 'மடக்'. அப்புறம் நீளமாக ஒரு 'சளப் சளப்'. ஏதோ பித்தளைப் பாத்திரம் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

சார்ஜெண்ட் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அந்த வீட்டில் இறந்துபோன பெரியவர்கள் வந்து வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்று அவர் நம்பினார். வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அவர்கள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

சாப்பிடுவது யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் எழுதுவதைத்தான் இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கண்ணில் படாமல் இருக்கும் தொழில்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி எழுதும்போது எல்லாரும் தங்கள் வீரத்தை எழுதுகிறார்கள். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. பயம் வேண்டுமானால் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

மலாயாவில், மலாக்காவை அடுத்த செங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவன் நான். பால்வெட்டு நின்றது. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் திரும்பி வரவில்லை. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன கமலத்தைக் கூட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு ஓடிவந்து, காஜா பெராங்கில் ஒரு நிப்பா ஓலை வேய்ந்த வீட்டில் புகுந்துகொண்டேன்.

சைக்கிள் கடையில் வேலை. டயர், டியூப் எதுவும் கிடைக்காத காலம். பச்சை ரப்பரைக் கயிறுபோல வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கட்டுவோம். அந்தச் சைக்கிளில் பத்து பெரெண்டாம் என்ற ஊர் வரை போய்வந்தால் பல் எல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அது பகலில் செய்த வேலை. என் உண்மையான தொழில், ஜப்பான்காரன் கண்ணில் படாமல் இருப்பது. பார்த்தால்தானே பிடிப்பான்? யாரைக் கண்டாலும் குனிந்துவிடுவேன். தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் குனிவேன். ஒருமுறை கொடியில் காய்ந்த காக்கிச் சட்டைக்கே குனிந்தேன். அதைத் துவைத்துப் போட்டிருந்த மலாய்க்காரப் பெண்மணி, பாவம், பதிலுக்குத் தலையசைத்தார்.

எல்லாருடைய நாய்

இந்தக் கதையின் முக்கிய ஆள் ஒரு பெண் நாய். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும்.

துரைமார்கள் ஊரைவிட்டு ஓடியபோது பெட்டியை எடுத்துக்கொண்டார்கள், பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள், நாய்களை விட்டுவிட்டார்கள். தோல்பட்டை கழுத்தில் கிடக்க, அவை பங்களா வாசல்களில் ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தன. கார் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும். அப்புறம் பசி வந்து தெருவுக்கு இறங்கின. தெருவில் ஏற்கெனவே இருந்த நாய்களோடு சேர்ந்தன. பிறகென்ன, சந்துக்குச் சந்து குட்டி. நம்முடைய செம்மண்காரியின் மடிந்த காது அப்படி ஏதோ ஒரு துரை வீட்டு வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

அவளுக்கு எங்கள் சந்தில் பல பெயர்கள். கமலத்துக்கு அவள் 'செவலை'. பக்கத்து வீட்டு அமிர்தம் அக்காவுக்கு 'மானிஸ்', மலாயில் இனிப்பு என்று அர்த்தம். சந்து முனையில் காப்பிக்கடை வைத்திருந்த சீன முதலாளி, தாவுக்கே ஆ லெங் 'ஆ மோய்' என்பார், சின்னப் பெண்ணே என்று கூப்பிடுகிற மாதிரி. எல்லா வீட்டிலும் மரவள்ளிக்கிழங்குத் தோலோ, மீன் தலையோ அவளுக்கு உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை குட்டி போடுவாள். குட்டிகளுக்கும் எல்லாரும் ஏதாவது போடுவார்கள். பிறகு அவை எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை.

சோறு எங்களுடையது

அப்போது பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு தலைவரைப் போட்டிருந்தார்கள். எங்கள் சந்துக்கு ஆ லெங். ஒருநாள் அவர் உத்தரவு ஒன்றைக் கொண்டுவந்தார். நாய் வைத்திருப்பவர்கள் கழுத்தில் வீட்டு எண் எழுதிய பலகைத்துண்டு மாட்டிக் கட்டிவைக்க வேண்டும். கட்டாத நாயைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டுவிடுவார்கள். கட்டிய நாய் அவிழ்ந்து தெருவில் திரிந்தால் அதற்குச் சொந்தக்காரன் பதில் சொல்ல வேண்டும்.

"முத்து, உங்கிட்ட சைக்கிள் இருக்கு. நீயே போய் வீடு வீடா கேளு, ஆ மோய் யாரோட நாய்னு" என்றார். (எங்கள் கம்பத்தில், அதாவது குடியிருப்பில், எல்லாருக்கும் பொதுப்பேச்சு மலாய்தான். நான் தமிழில் தருகிறேன், ஆ லெங் பேச்சின் வாலில் ஒட்டும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.)

"சந்து நீளத்துக்குச் சைக்கிள் எதுக்கு, தாவுக்கே?"

"அப்ப நடந்து போ."

போனேன். "எங்க நாயா? ஐயோ, இல்லவே இல்ல" என்றார்கள் முதல் வீட்டில். அவர்கள் வாசலில் அவள் தட்டு கிடந்தது. "தட்டு?" என்று கேட்டேன். "தட்டு எங்களோடதுதான். சோறும் எங்களோடது. நாய்தான் எங்களோடது இல்ல."

எல்லா வீட்டிலும் இதே பாட்டு. திரும்பிவந்து, "தாவுக்கே, உங்க கடை மேசைக்கு அடியிலதானே அவ தூங்குறா, நீங்களே எடுத்துக்குங்களேன்" என்றேன்.

"நான் தலைவர் லா. தலைவர் நாய் அவிழ்ந்துச்சுன்னா எனக்கு ரெட்டை உதை. நீ எடுத்துக்கோ."

"நானா! நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இருக்கேன். என் வீட்டு எண்ணை எழுதி ஒரு நாய் கழுத்துல மாட்டி ஊர் சுத்த விடவா?"

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகக் கமலத்திடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இந்த நாய் செத்தா யாருக்கும் நஷ்டமில்ல. அப்படித்தானே?"

ஒரு சின்ன வசவு

கதையை இங்கே நிறுத்தி வாசகர்களை ஒரு முறை திட்டிக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக உங்களுக்கு எழுதுகிறவனுக்கு அந்த உரிமையாவது உண்டு.

இன்றைக்கும் மலாக்கா மார்க்கெட் பின்பக்கம் காரில் வந்து இறங்குகிறார்கள். அட்டைப்பெட்டியில் பூனைக்குட்டி, நாய்க்குட்டி. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். கேட்டால், "இங்க மீன் கிடைக்கும், பொழைச்சுக்கும்." இன்னொரு கூட்டம் தினமும் வந்து சோறு வைக்கிறது. நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பெண் நாய் பருவத்துக்கு வரும்போது உள்ளே கட்டிவைக்க அந்த நல்ல மனசுகளில் ஒன்றும் முன்வருவதில்லை. மறுவருஷம் ஒரு தட்டு எட்டுத் தட்டாகிறது.

சரி, திட்டி முடித்தேன். அன்றைக்கு நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

போகி அன்று

பொங்கலுக்கு முதல் நாள். தோட்டத்தில் என்றால் போகிக்கு விடியற்காலையில் பழைய பாய், துடைப்பம் எல்லாம் போட்டுக் கொளுத்துவோம். அந்த வருஷம் கொளுத்தப் பழசு எதுவும் இல்லை. பழசையெல்லாம் உடுத்திக்கொண்டிருந்தோம்.

அன்று காலையில் பார்த்து எங்கள் வாசலில் நாய்க்கூட்டம். எல்லாம் ஆண். எங்கிருந்துதான் வந்தனவோ, காஜா பெராங்கில் இருந்த நாய்களெல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றி ஊளையிட்டன, ஒன்றையொன்று கடித்தன. நடுவில், என் வீட்டுக்குள், என் பாயின் மேல், செவலை.

"கமலம்! இவ எப்படி உள்ள வந்தா?"

"நான்தான் கொண்டாந்தேன். பருவத்துல இருக்கு, தெரியலையா? மூணு நாலு வாரம் உள்ள அடைச்சு வெச்சா குட்டி கிடையாது. வெளியே விட்டா மறுபடியும் ஆறு. அந்த ஆறையும் அவங்க சுடணும்."

"இந்தச் சத்தத்துக்கு ஜப்பான் ராஜாவே எழுந்து வந்துருவாருடி!"

"வந்தா குனிங்க. நல்லா வருமே."

அதற்குள் ஓலைச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கறுப்பு நாய் தலையை நீட்டியது. அதே நேரம் சந்து முனையில் பூட்ஸ் சத்தம், ஆ லெங்கின் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பணிவாக. நாய் பிடிக்க வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் மற்றவர்கள் யோசித்திருப்பார்கள். எனக்கு யோசனை வருவதற்கு முன்னால் கால் வந்துவிடும். செவலையைத் தூக்கித் தோளில் போட்டேன். பின்வாசல் வழியாக ஓடினேன். பக்கத்தில் அமிர்தம் அக்கா வீடு. மரச்சுவர், கனமான கதவு, ஓட்டை இல்லாத வீடு. அடுப்படிக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தட்டினேன், பதில் இல்லை. எல்லாரும் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். நாயை உள்ளே தள்ளிக் கதவை இழுத்துச் சாத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவனாக வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தேன்.

முன்பக்கம், மூடிய கதவுக்கு வெளியே, அக்கா வீட்டார் அத்தனை பேரும் நல்ல உடுப்பு உடுத்தி வரிசையாக நின்றார்கள்.

உள்ளே யார்?

அமிர்தம் அக்கா செட்டி வகையைச் சேர்ந்தவர். எத்தனையோ தலைமுறைக்கு முன் மலாக்காவுக்கு வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழி. கும்பிடுவது நம் சாமி, கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். 'தம்பி' மாதிரி சில தமிழ்ச் சொற்கள் மட்டும் மிச்சம்.

"சத்தம் போடாதே, தம்பி" என்று காதோரம் சொன்னார். "உள்ளே அப்பாவும் அம்மாவும் சாப்பிடறாங்க."

"உங்க அப்பாவா? அவரு போய்ச் சேர்ந்து..."

"ஆமா. அதனாலதான் கதவைச் சாத்தியிருக்கோம்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போகிக்கு நாங்கள் பழசைக் கொளுத்துவோம். அவர்கள் போன பெரியவர்களை வீட்டுக்கு அழைப்பார்கள். பர்ச்சு என்று அதற்குப் பெயர். வாழையிலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே வந்தவர்கள் ஆற அமரச் சாப்பிடும்வரை யாரும் நுழையக் கூடாது.

"இந்தக் காலத்துல எதைப் படைச்சீங்க, அக்கா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்குக் கோழி. கடைசிக் கோழி, தம்பி. இதுக்குன்னே மறைச்சு வளர்த்தேன். அம்மாவுக்கு மீன் பிண்டாங் குழம்பு."

உள்ளே முதல் எலும்பு முறிந்தது.

அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது. "கேட்டுச்சா?" என்றார், முகமெல்லாம் ஒளியாக. "எல்லா வருஷமும் கும்பிடறோம். இந்த வருஷம்தான் சத்தம் கேக்குது! பாவம், அங்கேயும் பஞ்சம் போல."

அப்போது சார்ஜெண்ட் வந்தார். பின்னால் ஆ லெங், வேடிக்கை பார்க்கச் சந்துக்காரர்கள் சிலர். கோணிப்பையும் கயிறுமாக இரண்டு சிப்பாய்கள். ஆண் நாய்க் கூட்டம் என்னைவிட நேர்மையானது. எங்கள் வீட்டைவிட்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்து கதவையே பார்த்து உட்கார்ந்திருந்தது. சார்ஜெண்ட் நாய்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கைத்தடியால் கதவைக் காட்டினார்.

அக்கா நகரவில்லை. கைகூப்பி, மலாயில், மெதுவாக, உள்ளே யார் என்று சொன்னார். ஆ லெங்கும் தனக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்களோடு கையைக் கூப்பி, கண்ணை மூடி, சோறு அள்ளி வாயில் வைப்பதுபோலக் காட்டினார்.

சார்ஜெண்டின் முகம் மாறியது. அவர் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறது போலும். தொப்பியைக் கழற்றினார். அப்படித்தான் நாங்கள் எல்லாரும் குனிந்து நின்றோம். உள்ளே எங்கள் முன்னோர்கள் குழம்பை நக்கினார்கள்.

போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மரியாதை தெரிந்த மனிதர். சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்தார்.

கை தூக்கியவன்

சத்தம் நின்றது. அக்கா கதவைத் திறந்தார்.

இலைகள் கழுவியதுபோல் இருந்தன. நடுவில் செவலை, வயிறு புடைக்கப் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் தட்டினாள்.

அக்காவின் முகத்தில் இருந்த ஒளி அணைந்ததை நான் பார்த்தேன். அதை விவரிக்க மாட்டேன்.

சார்ஜெண்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கைத்துப்பாக்கி உறையின் பொத்தானை விரலால் கழற்றிக்கொண்டே, "சியாப்பா பூஞா?" என்றார். யாருடையது என்று அர்த்தம்.

தட்டு வைத்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆ லெங் வானத்தைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். அடுப்படிக் கதவு வழியாக யார் தள்ளியிருக்க முடியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வளையல் சத்தம். கமலம் முன்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் வாய் திறப்பதைப் பார்த்தேன். சார்ஜெண்டின் கை ஓங்கி அவள் கன்னத்தில் விழுவதையும் நடக்கும் முன்பே பார்த்தேன்.

"என் நாய்!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன், மலாயில் கத்தினேன். சொந்தக்காரன் என்று காட்ட ஒரு கை போதும். நான் இரண்டையும் தூக்கிச் சரணடைந்து நின்றேன்.

ஓர் அறை. ஒன்றே ஒன்று. அன்றைக்கெல்லாம் என் இடது காதில் கோவில் மணி. பிறகு சார்ஜெண்ட் சிப்பாயிடமிருந்து கயிற்றை வாங்கி, ஒரு நுனியை நாய் கழுத்தில் போட்டு, மறுநுனியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். மலாயில் ஏதோ சொன்னார்; காதில் அடித்த மணியில் எனக்கு விளங்கவில்லை.

"இவ இனிமே அவிழ்ந்து திரிஞ்சா கயித்தை உன் கழுத்துல கட்டுவாராம்" என்றார் ஆ லெங்.

இலைகளைப் பார்த்து இன்னொரு முறை குனிந்துவிட்டு சார்ஜெண்ட் போனார். சயாம் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஆண் நாய்களைக் கோணியில் போட்டுக்கொண்டு போனார்கள். அவற்றுக்கும் எங்கோ யாரோ சோறு வைத்திருப்பார்கள். அவற்றுக்காக யாரும் கை தூக்கவில்லை.

நாயின் கணக்கு

"தப்பிச்சோம், அக்கா!" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "உன் நாயா?"

"ஆமாக்கா."

"அப்ப அது தின்னதும் உன் கணக்கு. எங்க அப்பா அம்மா இன்னும் சாப்பிடல. பொழுது சாயறதுக்குள்ள சமைச்சுக் கொண்டுவா."

கமலம் நேரே வீட்டுக்குப் போனாள். எங்களிடம் ஒரு கோழி இருந்தது. முட்டையிடும் கோழி. அவள் அதற்குப் பெயரெல்லாம் வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. நான் தேங்காய் துருவினேன்.

அப்போதுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் வீட்டுக்காரர், எங்கோ புதைத்து வைத்திருந்த அரிசியில் ஒரு குவளை. "நம்ம நாய்தானே தின்னுச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இன்னொருவர் கருவாடு. ஆ லெங் சட்டைக்குள் ஒளித்து ஒரு டின் பால் கொண்டுவந்தார். "ஆ மோய் செஞ்சதுக்கு நானும் கொஞ்சம் லா."

"காலையில உங்க நாய் இல்லையே, தாவுக்கே?"

"காலையில துப்பாக்கி இருந்துச்சு. வாயை மூடிட்டு கிளறு."

அன்று சமையலுக்கு நடுவில்தான் எங்கள் சந்தின் சட்டங்களும் முடிவாயின. செவலை பருவத்துக்கு வந்தால் அக்கா வீட்டுப் பின்னறையில் அடைப்பு. அந்த நாட்களில் ஆண் நாய் வைத்திருப்பவன் அதைக் கட்டிவைக்க வேண்டும். யாருக்காவது குட்டி வேண்டுமென்றால் பிறப்பதற்கு முன்பே வந்து கேட்க வேண்டும். கேட்காத குட்டி பிறக்கக் கூடாது. ஜப்பான் சண்டை முடியும்வரை எங்கள் சந்தில் ஒரு குட்டியும் தெருவுக்குப் போகவில்லை. செவலையோ, சண்டை முடிந்த பிறகும் ரொம்பக் காலம் என் பாயிலேயே தூங்கினாள். நான் தரையில்.

பொழுது சாய்வதற்குள் அக்கா புது இலை விரித்தார். விளக்கு, சாம்பிராணி, கும்பிடு. கதவு சாத்தப்பட்டது. அடுப்படிக் கதவுக்கு இந்த முறை தாழ்ப்பாளும் போட்டார்கள். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தபடி நான் வெளியே நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அக்கா ரொம்ப நேரம் காதைக் கதவுப் பக்கம் வைத்திருந்தார். கடைசியில், "நல்லா சாப்பிட்டிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்புறம் எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்தோம். அக்கா ஒரு கட்டு இலையோடு வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். காலையிலிருந்து முதல் முறையாக அவர் குரலில் கடுப்பு குறைந்திருந்தது.

"உன் வீட்டுக்கு எத்தனை இலை, தம்பி?"

"ரெண்டு, அக்கா. நானும் கமலமும்."

அக்கா கயிற்றின் மறுமுனையைப் பார்த்தார். பிறகு, நாலு பேர் முன்னால் வாய்விட்டு, "என் நாய், என் நாய்னு காலையில அந்தக் கத்து கத்தினே?" என்று கேட்டுவிட்டு மூன்று இலை போட்டார்.